தவளை இருந்தது, குப்பிதான் இல்லை

மொழியியல் படித்தவருக்குத் தவளையோடு என்ன வழக்கு என்று விலங்கியல் ஆய்வாளரான தோழர் ஒருவர் கேட்டார். நஞ்சன்கூட்டில் கபிலைக் கரைப் படித்துறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வாயால் சொன்ன விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இந்தக் கபிலை திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரி பிறக்கும் குடகுமலைச் சதுப்பிலிருந்து 1920இல் சி. ஆர். நாராயண ராவ் ஒரு தவளையை விவரித்தார். அதற்கு ‘புனிதச் சதுப்புக்குரியது’ என்னும் பொருள்பட, நிக்டிபாட்ராக்கஸ் சாங்டிபலஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார். 2011இல் எஸ். டி. பிஜு குழுவினர் அதை மீண்டும் இனங்கண்டபோது, 91 ஆண்டுகள் தொலைந்திருந்த தவளை கிடைத்துவிட்டது என்று நாடே மகிழ்ந்தது. எனக்கு அந்த வினைச்சொல்லில்தான் ஐயம். தொலைத்தவர் யார்? தவளை தன் சதுப்பில்தானே இருந்தது?

கோயம்புத்தூரில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் துறையை வளர்த்தவர் ராவ். கரண்ட் சயன்ஸ் இதழின் தொடக்ககால ஆசிரியரும் அவரே. 1937இல் மட்டும் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றைப் புதியனவாக அறிவித்தார். ஓர் இனத்திற்குப் பெயரிடும்போது எந்த உடலைக் கண்டு பெயரிட்டோமோ, அதை வகைமாதிரியாகப் பாதுகாக்க வேண்டும். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு இறுதிச் சான்று அவ்வுடலே. சென்ட்ரல் கல்லூரியில் இருந்த ராவின் வகைமாதிரிகள் காணாமற்போயின. 2010இல் ஒரு புதர்த்தவளைப் பேரினத்திற்கு ராவோர்கெஸ்டஸ் என்று அவர் பெயரைச் சூட்டிச் சிறப்பித்தோம். பெயரைச் சூட்டுவதற்குக் குப்பியும் சாராயமும் வேண்டியதில்லையே!

இழப்பின் விளைவைக் காணச் சிக்கமகளூரு மாவட்டத்துக் கொட்டிகெஹாராவுக்கு வாருங்கள். அங்கிருந்து ராவ் பெயரிட்ட ஓர் இனத்தைப் புதர்த்தவளைகளோடு சேர்த்து வைத்திருந்தார். உண்மையில் அது ஓடைப் பாறையில் அமர்ந்து பின்காலை நீட்டி ஆட்டும் நடனத்தவளை. ஒப்பிட்டுத் தெளிய உடல் இல்லை. இதற்கிடையே, மைக்ரிக்சாலஸ் சாக்சிகோலா என்னும் ஒரே பெயர் மலைத்தொடரின் வெவ்வேறு பகுதி நடனத்தவளைகளுக்கும் போர்த்தப்பட்டது. 2014இல்தான் 14 புதிய இனங்களோடு அந்தப் போர்வை விலகியது. இது வெறும் பெயர்ச் சண்டை என்பவர்கள் சிவப்புப் பட்டியலின் விதிகளைப் பார்க்கட்டும். பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழா, 5,000க்குக் கீழா என்பது அங்கே முதன்மையான கேள்விகளுள் ஒன்று. ஐந்து இனங்களை ஒரே பெயரால் அழைத்தால் பரவல் விரிந்து தெரியும். ஐந்தும் நலமாக இருப்பதாக ஏடு சொல்லும்.

மைசூரென்சிஸ் என்று ராவ் 1922இல் பெயரிட்ட தவளையை மைசூரு நகரத்தில் தேடுபவர் ஏமாறுவார். அது சிவமொக்கா மாவட்டத்து ஜோக் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. பெயரிலுள்ள மைசூர் அன்றைய சமஸ்தானம். இடப்பெயர் சுருங்குவதும் விரிவதும் எங்கள் துறைக்குப் பழகிய கதை.

மரபணு இருக்கும்போது பழைய குப்பி எதற்கு என்பதே தோழரின் வாதம். இரண்டு தவளைகள் வேறு வேறு என்று மரபணு சொல்லும். அவற்றுள் எது 1937ஆம் ஆண்டின் பெயருக்கு உரியது என்று சொல்லாது. அதே இடத்தில் புதிய மாதிரி எடுக்க விதி இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் ஒரே ஓடையில் ஒத்த தோற்றமுள்ள இரண்டு இனங்கள் வாழுமானால், அங்கே நடப்பது கண்டறிதல் ஆகாது, தீர்ப்பு எழுதுதல்.

2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. தவளைகள் உள்ளிட்ட முதுகெலும்பிகளின் சேகரம் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பியது. நமக்கு நெருப்புக்கூடத் தேவைப்படவில்லை.

மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளுக்காக எவ்வளவு குரல் எழுப்பினோம்! 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டதை நானும் கொண்டாடினேன். மைப்படிக்குக் கல்லாவது எஞ்சியிருக்கக்கூடும். வகைமாதிரிக்கு அதுவும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு மறைந்ததற்கு ஒரு கண்டன வரி எழுதியவர் நம்மில் எத்தனை பேர்?

விலங்கியலாரை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. நான் முதுகலை பயின்ற துறையில் (பெயர் வேண்டாம்) ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதில் ஜேனு குறும்பர் மூதாட்டி ஒருவரின் பேச்சு என்று சொல்லப்படும் ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஊரும் ஆண்டும் எழுதிய சீட்டு உதிர்ந்திருந்தது. அவற்றைக் கொண்டு எழுதிய ஆய்வேடு நூலகத்தில் பொன்னெழுத்து அட்டையோடு இருக்கிறது. அதிலுள்ள ஒலியன் பட்டியலை இன்று எவராலும் சரிபார்க்க இயலாது.

ஆகவே என் கோரிக்கை எளியது. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்பதற்கு முன், தரவு எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதற்கான பதிவெண்ணைப் பல்கலைக்கழகம் கேட்க வேண்டும். தவளையாயினும் ஒலிப்பதிவாயினும் பதிவெண் இல்லையேல் வாய்மொழித் தேர்வு இல்லை. கருத்துத் திருட்டு விழுக்காட்டுச் சான்றிதழை இணைக்கச் சொல்பவர்களுக்கு இன்னொரு தாள் சுமையாகாது. என் ஆய்வேட்டை அடுத்த ஆண்டு அளிக்கவிருக்கிறேன், என்னிடமிருந்தே தொடங்கட்டும்.