இது எப்போது போட்ட எச்சரிக்கை?

காங்கேசன்துறை என்ற பெயரை இலங்கையில் வானொலி கேட்கும் எவரும் அறிவார். ஊரைக் கண்ணால் காணாதவரும் கடல் அறிக்கையில் கேட்டிருப்பார். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று ஒரு துண்டு வரும். அடுத்த துண்டு காங்கேசன்துறையில் தொடங்கித் திருகோணமலை ஊடாக மட்டக்களப்பை நோக்கிப் போகும். தீவைச் சுற்றியுள்ள கடலைப் பிரித்துச் சொல்லும்போது வடக்கில் எல்லையாக நிற்பது எங்கள் ஊர்தான். காற்று எழும்பினாலும் அலை உயர்ந்தாலும் முதலில் உச்சரிக்கப்படும் பெயர்களில் ஒன்று அது.

வாடைக்காலம் தொடங்கினால் என் அயலில் உள்ள கடற்றொழிலாளர் ஒருவர் அடிக்கடி கைபேசியை நீட்டிக்கொண்டு படலையடியில் வந்து நிற்பார். "தம்பி, உது இண்டைக்குப் போட்டதோ, நேற்றையானோ? ஒருக்காப் பாத்துச் சொல்லு."

திரையில் ஒரு சிவப்புப் படம் இருக்கும். பலத்த காற்று, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று பெரிய எழுத்து. திகதி இருக்காது. நேரம் இருக்காது. எந்தக் கடற்பரப்பு என்ற வரி படத்தின் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருக்கும். எங்கோ ஒரு தளத்தில் போட்டதை யாரோ எடுத்துப் பகிர, அது கைமாறிக் கைமாறி இவரிடம் வந்திருக்கும். அந்தத் தளத்தைத் தேடிப் போனால் அங்கேயும் அதே படம்தான். எப்போது ஏற்றினார்கள் என்று ஒரு சொல் இல்லை. இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் அவர் என்னிடம் வருகிறார். என்னாலும் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. "பொறுங்கோ அண்ணை, வேறை எங்கையும் கிடக்கோ எண்டு பாப்பம்" என்று இன்னும் நாலு தளத்தைத் திறக்கிறேன். அதற்குள் வள்ளம் இறக்கும் நேரம் போய்விடுகிறது.

எந்தத் தளம் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கமில்லை. அரச தளம், தனியார் தளம், செய்தித் தளம், சங்கத்தின் தளம் என்று எங்கும் பரவிக் கிடக்கிற குறை இது. ஒரு தளத்தைத் திருத்தினால் தீர்ந்துவிடும் என்றால் நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு இருந்திருப்பேன்.

அந்த மனிதரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கையை நம்பிக் கரையில் நின்றால் அன்றைய உழைப்புப் போகும். நம்பாமல் போனால் உயிருக்கு ஆபத்து. நேற்றோடு முடிந்த எச்சரிக்கையை இன்றும் பக்கத்தில் தொங்கவிடுகிறவர் அவருடைய ஒரு நாள் வருமானத்தைப் பறிக்கிறார். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் நடக்கிறது: பழைய அறிவித்தலை நம்பி இரண்டு மூன்று தரம் வீட்டில் இருந்தவர், அடுத்த தரம் உண்மையான அறிவித்தல் வரும்போது அதையும் பழையது என்றே நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஓர் எச்சரிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நாம் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொது எச்சரிக்கை நெறிமுறை என்று ஒன்றை ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. கப் என்று சுருக்கமாகச் சொல்வோம். எங்கள் கரைகளைச் சுனாமி வாரிச் சென்றதும் அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிதான். 2010இல் வந்த கப்பின் 1.2 பதிப்பைத்தான் இன்றும் உலகம் பாவிக்கிறது. யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது, எந்த நேரம் வரை செல்லும், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம், என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இது புதிய எச்சரிக்கையா, முந்தியதன் திருத்தமா, முந்தியதை நீக்கும் அறிவித்தலா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே எச்சரிக்கைக்குள் எத்தனை மொழியையும் அடுக்கலாம்.

இது எங்கோ அமெரிக்காவில் இருக்கிற சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. சுனாமிக்குப் பிறகு சர்வோதய அமைப்பும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இந்த நாட்டின் கரையோரக் கிராமங்களில் இதே நெறிமுறையை வைத்து எச்சரிக்கை அனுப்பிப் பரீட்சித்தன. அனர்த்த காலத்துக்கென்று உலகம் முழுவதும் பாவிக்கப்பட்ட சஹானா மென்பொருளை முதலில் எழுதியவர்கள் இலங்கைக் கணினிக்காரர்கள். 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2009இல் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் டியூன் வலையமைப்பு வந்தது. அறிவும் ஆளும் சட்டமும் இங்கேயே இருந்தன. அதனால்தான் வயிறு எரிகிறது. தெரியாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. மலைச்சரிவில் தோட்ட லயன்களில் வாழ்கிற தமிழ்ச் சனம் நிறைந்த இடங்கள் அவை. அந்த நாட்களில் தமிழ் எச்சரிக்கைகள் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று சொல்லி நாற்பது ஆண்டு நெருங்குகிறது. நள்ளிரவில் மண் நகரும்போது ஒரு தாய் தன் மொழியில் அதைப் படிக்க முடியவில்லை என்றால் அந்தத் திருத்தம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

இரவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பார்கள். இந்தப் பதிலைத்தான் நான் அடியோடு ஏற்கமாட்டேன். எச்சரிக்கை என்பது சிறுகதை இல்லை. அதில் வரும் வாக்கியங்கள் எண்ணிப் பார்த்தால் சில பத்துக்குள் அடங்கும். "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரையான கடற்பரப்பில், இந்த நேரம் வரை, காற்று மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் வரை வீசலாம்." இதில் மாறுவது இடப்பெயர், நேரம், வேகம் மட்டுமே. மாவட்டம் 25; கடற்பரப்பு விரல்விட்டு எண்ணக்கூடியவை. இத்தனையையும் ஒரு வெயில் காலத்தில் உட்கார்ந்து மூன்று மொழியிலும் எழுதி, கடற்றொழிலாளரிடமும் தோட்டத்துத் தாய்மாரிடமும் வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டுத் திருத்தி வைத்துவிடலாம். பிறகு கடமையில் இருப்பவர் இடத்தையும் எண்ணையும் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால் மூன்று மொழியும் ஒரே நொடியில் தளத்தில் ஏறும். தமிழ் ஏறாவிட்டால் மற்ற மொழிகளும் ஏறாது என்று மென்பொருளிலேயே கட்டிவைக்க வேண்டும் என்று சில வேளை கோபத்தில் தோன்றும். அது பிழை, எவருக்கும் எச்சரிக்கை பிந்தக் கூடாது. மாதிரி வாக்கியங்கள் முன்கூட்டியே இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது இந்தப் படங்கள். அறிவித்தலை எழுத்தாகப் போடாமல் ஏன் படமாக ஒட்டுகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தால் காரணங்களில் ஒன்று பாமினி. எங்கள் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் தமிழைப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சிடுகிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆகவே அச்செடுத்து, முத்திரை குத்தி, கையொப்பம் வைத்து, ஸ்கேன் பண்ணிப் படமாக ஏற்றுகிறார்கள். யூனிகோட் 1991இல் தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று அதே அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள்.

படமாக ஒட்டிய எச்சரிக்கையைத் தேட முடியாது. சிறிய திரையில் பெரிதாக்கினால் பாதி வெளியே போகும். புயலன்று அலைவரிசை மெலிந்துபோன நேரத்தில் இரண்டு வரி எழுத்து உடனே வந்துவிடும். படமோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். பார்வையற்றவருக்கு அது அங்கே இல்லவே இல்லை. போர் எத்தனை பேரின் கண்ணைக் கொண்டுபோயிற்று என்பது வடக்கில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு அண்மையில் சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. விழிப்புலன் இழந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் தமிழையும் வாசிக்கும், தமிழ் எழுத்தாக இருந்தால். பக்கத்தில் புதிதாக ஓர் எச்சரிக்கை ஏறியதும், வாசித்துக்கொண்டிருந்ததை இடைநிறுத்தி அதை முதலில் சொல் என்று அந்த மென்பொருளுக்கு உணர்த்த, எச்சரிக்கைப் பெட்டியின் நிரலில் ஒரே ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும். இந்தப் பகுதி தமிழ் என்று சொல்ல இன்னொரு குறிப்பு. இரண்டையும் எழுதும் நேரத்தில் ஒரு தேத்தண்ணிகூட ஆறாது. நிலைச்செய்திகளை இப்படி அறிவிக்க வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜூனில் தன் அணுகல் வழிகாட்டியில் எழுதியே விட்டது.

பெட்டியை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதிலும் மனம் நோகிறது. புயல் எச்சரிக்கைக்கும் கேள்விப்பத்திர அறிவித்தலுக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கும் ஒரே சிவப்பு, ஒரே ஓடும் எழுத்து. ஓடும் எழுத்தை எங்கள் அம்மாமார் படித்து முடிக்குமுன் அது ஓடிவிடுகிறது. சில தளங்களில் மூலையில் ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்த்து ஐந்து விநாடியில் மறைந்துவிடும். "கோப்பு சேமிக்கப்பட்டது" என்று சொல்வதற்கு அது நல்லது. உயிர் போகிற விடயத்தை அதில் வைக்கலாமா? திறந்த உடனே திரை முழுவதையும் மூடி, மூடும் பொத்தானைத் தேட வைப்பதும் அதே அளவு தவறு. விளம்பரத்தால் பழகிப்போன கை, வாசிக்காமலே அதை மூடிவிடும்.

பயண விடயத்திலும் இதே கதைதான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே பருவமழைக்காக நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் வந்தது. கடல் கொந்தளித்தால் நிற்கும், தணிந்தால் ஓடும். அது இயற்கை, அதற்கு எவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கப்பலோ ரயிலோ பஸ்ஸோ எதுவானாலும், இன்று ஓடாது என்ற செய்தி பயணச்சீட்டு வாங்கும் பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வருகிறவர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். "செய்திகள்" என்ற பகுதிக்குள் போய், ஆண்டைத் தெரிவுசெய்து, மூன்றாவது பந்தியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அதை எதற்குப் போட்டார்கள்?

எச்சரிக்கை இல்லாத நாளுக்கும் ஒரு பெட்டி வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. பக்கம் வெறுமையாக இருந்தால், ஆபத்து இல்லையா, அல்லது பார்க்க வேண்டியவர் இன்னும் பார்க்கவில்லையா என்று எப்படி அறிவது? "காலை 6 மணி நிலவரப்படி இந்தக் கடற்பரப்புக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. அடுத்த அறிவித்தல் நண்பகல் 12 மணிக்கு." இந்த இரண்டு வாக்கியம் இருந்தால் என் அயலவர் படலையடியில் வந்து நிற்க வேண்டியதில்லை.

போட்ட எச்சரிக்கையை எடுப்பதற்கும் வழி வேண்டும். 2018 ஜனவரி 13ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்ற பிழையான எச்சரிக்கை எல்லாருடைய கைபேசிக்கும் போயிற்று. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சனம் சாவுக்குக் காத்திருந்தது. அது பிழை என்ற செய்தி அதே கைபேசிகளுக்குப் போய்ச்சேர 38 நிமிடம் பிடித்தது. திருத்தச் செய்திக்கு ஒரு மாதிரியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை என்று பின்னர் விசாரணையில் வெளிவந்தது. அவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், இங்கே முடிவு நேரம் வந்ததும் பெட்டி தானாக இறங்கும்படி செய்து வைப்பது எவ்வளவு அவசியம்? கடமையில் இருப்பவர் மறந்துபோவார், லீவில் போவார், மின்சாரம் போகும். முடிவு நேரத்தை நிரப்பாமல் எச்சரிக்கையை ஏற்றவே முடியாது என்று படிவத்தில் கட்டாயமாக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எனக்குத் தெரிந்த வேலை என்பதால் சொல்கிறேன்: இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரிய செலவில்லை. தளம் செய்யக் கேட்டு வருபவர்கள் முகப்பில் ஓடும் படங்களுக்கும் தலைவரின் வாழ்த்துச் செய்திக்கும் நிறத்துக்கும் நாள்கணக்காகப் பேசுகிறார்கள். எச்சரிக்கை எங்கே வரும் என்று நான் கேட்டால், அதைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள். தளம் திறந்து வைத்துப் படம் எடுத்த பிறகு அந்தப் பேச்சே எழுவதில்லை. மழை கொட்டும் இரவில் தொலைபேசி அடிக்கும்: "தம்பி, அவசரமா ஒரு அறிவித்தல் போடோணும், எங்கை போடுறது?"

வாடை தொடங்குமுன் இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கேள்விப்பத்திரம் எழுதுகிறவர்கள் அதில் ஒரு பந்தியைச் சேர்க்கட்டும்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எச்சரிக்கைக்கென்று ஓர் இடம், மூன்று மொழியிலும் எழுத்தாக, போட்ட நேரமும் முடியும் நேரமும் பகுதியும் தெரிய, தானாக இறங்கும் வசதியோடு. எழுதிக் கேட்டால் செய்து கொடுக்க யாழ்ப்பாணத்தில் மட்டும் எத்தனையோ இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதிரி வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தர நான் இன்றைக்கே ஆயத்தம், காசு வேண்டாம்.