விவசாயியின் மடக்குக்கத்தி

விவசாயியின் மடியில் எந்நாளும் இருக்கத்தக்க கருவி மடக்குக்கத்தி. மூட்டைச் சணலை அறுப்பதற்கும், காய்ந்த கிளையைக் கழிப்பதற்கும், மாவில் ஒட்டுக் கட்டுவதற்கும், ஆட்டின் குளம்பைச் சீவுவதற்கும் அது வேண்டியிருக்கிறது. உழவு மாடு வாங்கப் பத்துச் சந்தை பார்க்கிறவர்களும் கத்தி வாங்கும்பொழுது கைப்பிடியின் பளபளப்பையே பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவது விந்தையே.

நாட்டரசன்கோட்டையில் தை மாதச் செவ்வாய்ப் பொங்கல் போன்ற கூட்டங்களை நம்பி இடப்படும் கடைகளில் கிடைக்கும் கத்திகளிற் பல இத்தகையவை. திருகாணியும் திறவுகோலும் சேர்ந்த பல அலகுக் கத்தியின் விலை, அந்தச் சில்லறை உறுப்புகளுக்கே பங்கிடப்பட்டுப் போகிறது. அறுக்க வேண்டிய அலகுக்கு மிஞ்சுவது மட்டமான இரும்புதான். அதே விலைக்கு ஒரே அலகுள்ள கத்தியை வாங்குவது எவ்வளவோ மேல்.

இதற்கு உதாரணம் பிரான்சு தேசத்துச் சவோய் மலைநாட்டுக் கத்தி. ஜோசப் ஓபினெல் 1890-ஆம் ஆண்டளவில் செய்த அதில் ஓர் அலகும் ஒரு மரப்பிடியுமே இருந்தன. 1955-இல் அலகு கைமேல் மடங்காதிருக்க ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. அலங்காரம் இல்லாமையால் விலையும் ஏறவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? அரிவாளுக்குப் பெயர் பெற்ற திருப்பாச்சேத்தி சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. லாரிகளின் வில்பட்டை எஃகில் கரிச்சத்து நூற்றில் அரைப் பங்களவில் உண்டு. தோய்ச்சலுக்கு அது நன்கு இடங்கொடுக்கும். கொல்லர் திறமையெல்லாம் இத்தோய்ச்சலில் அடங்கியிருக்கிறது. காய்ச்சித் தோய்த்த அலகு கண்ணாடிபோல் உடையும். அதை மறுபடி இளஞ்சூட்டில், வைக்கோல் நிறம் தோன்றும் வரை, பதப்படுத்தினால்தான் கூரும் நிற்கும், அலகும் முறியாது. அரிவாள் அடிக்கச் சொல்லும் விவசாயி, மூன்று அங்குல அலகுள்ள சிறு கத்தி ஒன்றையும் அதே எஃகில் அடிக்கச் சொல்லலாம். மடக்கும் ஆணி வேலை கைவராத பட்டறையானால் தோலுறையோடு கூடிய நேர்கத்தியே போதும்.

கரி எஃகு துருப்பிடிக்கும் என்பது உண்மையே. குரோமியம் கலந்த துருவேறா எஃகு எலுமிச்சை, புளி முதலிய புளிப்புப் பொருள்களை அறுப்போருக்குச் சிலாக்கியமானது. ஆயினும் மட்டமான துருவேறா எஃகு விரைவில் மழுங்கும். வயலில் வேலை செய்பவர் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பில் கூர் ஏற்றிக்கொள்ளக் கரி எஃகே வசதி. துடைத்துத் துளி எண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது.

கடையில் சோதனை எளிது. விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. மடக்கிய கத்தியில் முனை வெளியே நீட்டாதிருக்க வேண்டும். அரத்தின் மூலையை அலகின் ஓரத்தில் மெல்ல இழுத்தால், நன்கு தோய்ந்த எஃகில் அது வழுக்கும். மெத்தென்ற இரும்பில் கடித்துக்கொள்ளும். விற்பவர் இதற்கு உடன்படாவிடில் வேறு கடை பார்ப்பது நலம். ஒட்டுக் கட்டுவோர் ஒரு பக்கம் மட்டும் சரிவு தீட்டிய அலகையே கேட்டு வாங்க வேண்டும். வெட்டுவாய் சமமாக இருந்தால்தான் இரு பட்டைகளும் இடைவெளியின்றிப் பொருந்தும்.

கிராம நிர்வாக அதிகாரிகள் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் 9 அங்குல நீளத்திற்கோ 2 அங்குல அகலத்திற்கோ மேற்பட்ட அலகுள்ள கத்திகளே ஆயுத வகையிற் சேரும். வீட்டுக்கும் விவசாயத்திற்கும் என்று செய்தவை அதில் அடங்கா. 2021-இல் தமிழ்நாட்டுக் காவல்துறை, வாங்குவோரின் பெயரும் முகவரியும் குறித்துக்கொள்ளும்படி கொல்லர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அறிவுறுத்தியது. சிலர் செய்யும் குற்றங்களால் பட்டறை முழுவதையும் ஐயுறுவது முறையன்று; அப்படி ஐயுற்றால் நல்ல எஃகு அடிக்கும் கைகள் வேறு தொழிலுக்குப் போய்விடும். ஆகையால் விவசாயி தயங்காமல் தம் பெயரை எழுதிக் கொடுப்பாராக. கத்தியில் தம் முத்திரையைப் பொறித்துக் கொடுக்கும்படி கொல்லரையும் கேட்பாராக. அலகு மழுங்கினாலும் முறிந்தாலும் எந்தப் பட்டறைக்குத் திரும்பிச் செல்வது என்பது அப்பொழுது தெரியும்.