அதிர்ச்சியின் ஆயுள்

எம்.ஐ.ஏ.வின் பாட்டுகளை இனிக் கேட்க முடியாது, அவற்றின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற மாதம் நண்பர் ஒருவர் சொன்னார். டவுன்ஹால் ரோட்டில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னது. நல்ல வாசகர், கவிதையும் எழுதுகிறவர். 'வெறும் அதிர்ச்சிதானய்யா, அதிர்ச்சி போனதும் சரக்கும் போயிற்று' என்றார். கூட நின்ற இன்னொருவர், அந்தப் பெண் ஈழத்து அகதி, உலக அரங்கில் நம் குரல், ஆகவே அவரை விமர்சிப்பதே துரோகம் என்கிற கட்சி. இரண்டு பேருமே பாட்டைக் கேட்கவில்லை என்பது என் கட்சி. ஒருவர் செய்தித்தாளைக் கேட்டிருக்கிறார். மற்றவர் ஜாதகத்தைக் கேட்டிருக்கிறார்.

ஜாதகம் தெரியாதவர்களுக்காக: மாதங்கி அருள்பிரகாசம் 1975ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையிலும் சில காலம் இருந்து, 1986ல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தகப்பனார் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் ஆல்பத்துக்கு (2005) தகப்பன் பெயர், 'அருளர்'. இரண்டாவதற்கு (2007) தாயின் பெயர், 'கலா'.

இவர் பங்க் கோஷ்டி எதிலும் பாடியவரல்லர். ஆனால் பங்க் என்பதை கிதார்களின் எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஒரு மனோபாவமாகப் பார்த்தால், தமிழராய்ப் பிறந்தவர்களில் இவரளவுக்கு அதனருகே போன வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1976 டிசம்பரில் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசி இங்கிலாந்தைக் கலவரப்படுத்தினார்கள். மறு வருஷம், ராணியின் வெள்ளி விழா நேரத்தில், ராணியைக் கேலி செய்யும் அவர்கள் பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. எம்.ஐ.ஏ. 2012ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில், மடோனாவோடு பாடப் போன இடத்தில், காமிராவைப் பார்த்து நடுவிரலை நீட்டினார். லீக் நஷ்டஈடு கேட்டது. அந்த விரலை இன்று யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அன்று அவர் பாடியது எந்தப் பாட்டு என்று கேட்டால் நண்பருக்கும் தெரியாது.

வங்கியில் என் மேஜைக்கு வரும் காசோலைக்கு ஆயுள் 3 மாதம். அதிர்ச்சிக்கு அவ்வளவுகூடக் கிடையாது. இதில் எனக்கும் நண்பருக்கும் தகராறில்லை. தகராறு இதற்கடுத்த கேள்வியில்தான். அதிர்ச்சி கழிந்தபின் மிச்சமிருப்பது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்று. அதிர்ச்சி தந்த அந்தச் சமாசாரத்தைப் படைப்பிலிருந்து உருவிவிட்டுப் பார்க்க வேண்டும். உருவிய இடத்தில் பள்ளம் விழுந்தால் அது படைப்பின் உறுப்பு. ஒன்றுமே ஆகவில்லையென்றால் ஒட்டுமீசை.

இந்தச் சோதனை நமக்குப் புதிதல்ல. ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' 1963ல் வந்தது. 'நாளை மற்றுமொரு நாளே' 1974ல். 1981ல் இதே மதுரையில் அவர் செத்துப்போனார். அன்று முகம் சுளிக்க வைத்த எதுவும் இன்று ஒரு கல்லூரிப் பையனை அசைக்காது. அவன் கைபேசியில் அதைவிட அதிகம் கிடைக்கிறது. இருந்தும் கந்தனின் அந்த ஒரு நாளை அவன் கீழே வைக்காமல் படித்து முடிக்கிறான். காரணம், நாகராஜன் எந்த இடத்திலும் வாசகனின் முகத்தைப் பார்த்து, 'எப்படி, அதிர்ந்தாயா?' என்று கேட்பதில்லை. பரிதாபப்படுவதுமில்லை, கண்டிப்பதுமில்லை. அந்த உலகத்தை உருவிவிட்டால் நாவலே இல்லை. அதனால்தான் அது நிற்கிறது.

இந்தக் கோலை எடுத்துக்கொண்டு எம்.ஐ.ஏ.விடம் போவோம்.

'பேப்பர் ப்ளேன்ஸ்' 'கலா'வில் உள்ள பாட்டு. 2008ல் பெரிய வெற்றி பெற்று, அதே வருஷத்து 'ஸ்லம்டாக் மில்லியனர்' வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அடியில் ஓடும் இசை தி க்ளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ம் வருஷத்துப் பாட்டிலிருந்து எடுத்தது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது. பின்னால் கடைக் கல்லாப்பெட்டி மணி அடிக்கிறது. அமெரிக்காவில் எம்.டி.வி. இந்த வெடிச் சத்தத்தை மழுப்பி ஒலிபரப்பியது. பாட்டு நொண்டியாகிவிட்டது. ஏன்? 'நான் செய்ய விரும்புவதெல்லாம்' என்பதுபோல ஒரு வாக்கியம் தொடங்குகிறது. வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் வெடி வருகிறது. அந்த வினையைப் பாடகி சொல்வதில்லை. குடியேறி வந்தவனைக் கண்டாலே திருடன், கொலைகாரன் என்று நடுங்குகிறவன் தன் பயத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறான். அமெரிக்க விசா கிடைக்காமல் அலைந்த ஒருத்தி எழுதிய பாட்டு இது. வெடியை எடுத்தால் இலக்கணமே போய்விடுகிறது. இது உறுப்பு.

'பார்ன் ஃப்ரீ' (2010) வேறு கதை. ஏறக்குறைய 9 நிமிஷப் படம். ரோமன் காவ்ராஸ் எடுத்தது. ராணுவ உடையினர் செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் வீடு வீடாகப் பிடித்துப் போய் சுடுகிறார்கள். ஒரு சிறுவனையும் சுடுகிறார்கள். யூட்யூப் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. உடனே அது புகழடைந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். அவர் யாரைச் சொல்கிறார் என்பது நமக்கு விளங்காமலில்லை. ஆனால் 2011 ஜூனில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான சானல் 4, இலங்கையில் எடுக்கப்பட்ட நிஜப் படங்களைக் காட்டியது. கண்ணும் கையும் கட்டப்பட்ட நிஜ மனிதர்களைப் பார்த்த பிறகு, சாயம் பூசிய அந்த ரத்தத்தை என்னால் திரும்பப் பார்க்க முடியவில்லை. நிஜத்தோடு போட்டியிட்டுத் தோற்ற ஜோடனை அது. சரி, படத்தை உருவிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால்? அதைத் தூக்கி நிறுத்துவது சூயிசைட் என்ற நியூயார்க் இரட்டையரின் 1977ம் வருஷத்து இசைத் துணுக்கு. அந்த அளவுக்கு நண்பர் சொன்னது சரி.

கடைசியாக 'பர்ட் ஃப்ளூ'. இதுவும் 'கலா'வில் உள்ளது. யாரும் தடை செய்யாத பாட்டு, வழக்குமில்லை. ஆனால் என் ஆயுளில் என்னை உண்மையாக அதிரவைத்தது இதுதான். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் ஒரு கணினி மையத்தில் காதில் மாட்டிக் கேட்டேன். கோழி கொக்கரிக்கிறது, குழந்தைகள் கத்துகிறார்கள், அவற்றுக்குக் கீழே தோலுக்குள்ளிருந்து ஏதோ மிருகம் முனகுகிறது. இது என்ன எலெக்ட்ரானிக் கருவி என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். கேட்டுவிட்டுச் சிரித்தான். 'உறுமிடா. எங்கூர்ல சாமி வர்றதுக்கு அடிப்பாய்ங்க.'

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆடியிலும் பங்குனியிலும் என் தெரு வழியாக அந்த வாத்தியம் போகாத வருஷமில்லை. லண்டன் சுற்றி வந்தபிறகுதான் என் காதில் விழுந்திருக்கிறது. சென்னையில் உறுமிக்காரர்களை உட்காரவைத்துப் பதிவு செய்ததாம். 2003ல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டும் அதற்குள் கிடக்கிறது. நம் சினிமா எப்போதோ வாரி எடுத்ததைத்தான் அவரும் எடுத்திருக்கிறார்.

பிறகு அந்தப் பையன் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். கண்மாய்க் கரையில் ஒரு கருப்பு கோயில். உறுமியின் ஒரு பக்கத்தை நேர்க் குச்சியால் அடிக்கிறார். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறார். அந்த இழுப்பில்தான் முனகல் பிறக்கிறது. வாசிக்கிறவர் வாத்தியத்தைப் பார்க்கவே இல்லை. ஆடுகிறவரின் கால்களையே பார்த்தார். கால் தயங்கினால் இழுப்பு நீள்கிறது. கால் துடித்தால் அடி நெருங்குகிறது. அருள் இறங்கும் வரை அவர் விடுவதில்லை. எம்.ஐ.ஏ.வின் பாட்டில் இது கிடையாது. அங்கே வெட்டி ஒட்டிய நாலு அடி திரும்பத் திரும்ப வருகிறது. எதிரே கால்கள் இல்லை. இது பெரிய நஷ்டம். இருந்தும், வெட்டுப்பட்ட பிறகும் அந்த முனகல் பாட்டைத் தாங்கி நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்து நேற்று இரவும் கேட்டேன். அலுக்கவில்லை.

ஆக, என் தீர்ப்பு: விரல் செத்தது, சாய ரத்தம் செத்தது, வெடி நிற்கிறது, உறுமி நிற்கிறது. நிற்பதில் பாதி அவருடைய புத்தி. மறுபாதியை வாசித்தவர்களின் பெயரை நானும் கேட்டதில்லை, இவரைக் கொண்டாடும் நண்பரும் கேட்டதில்லை.

இப்போது முதல் நண்பருக்கு வருகிறேன். அதிர்ச்சி போய்விட்டது என்கிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஆடி மாதம், தெருமுனையில் முளைப்பாரி ஊர்வலம், உறுமி நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு கேட்கவில்லை என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அந்தத் தோலை யார் தொடுகிறார்கள், யார் தொடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாயும் சேர்ந்துதான் சாத்திக்கொண்டது. லண்டன்காரி விரலைக் காட்டியதெல்லாம் நமக்கு ஓர் அதிர்ச்சியே இல்லை. அது யாருடைய ராணிக்கோ, யாருடைய கால்பந்துக்கோ. நம்முடைய அதிர்ச்சி தெருமுனையில் நிற்கிறது. அதற்கு இன்னும் ஆயுள் முடியவில்லை.

அடுத்த ஆடிக்கு அவர் ஜன்னலைத் திறந்துவைத்து, ஊர்வலம் கடந்து போகும்வரை உட்கார்ந்து கேட்கட்டும். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். அதன் பிறகு பாட்டின் காலம் முடிந்ததா என்று பேசலாம்.