சொன்ன தொகையும் கைக்கு வரும் தொகையும்

2025ஆம் ஆண்டு தீபாவளி முடிந்திருந்தது. முற்பணக் கழிவு சம்பளச் சீட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோருடைய கண்ணும் 2025 நவம்பர் 7ஆம் திகதி மீதுதான் இருந்தது. அன்று 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை, நிதி அமைச்சராகவும் உள்ள ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார்.

அதற்கு முன்பே எதிர்வுகூறல்கள் வந்து குவிந்தன. நாட்சம்பளம் இவ்வளவு கூடும் என்றார் ஒருவர். வற் வரி குறையும் என்றார் இன்னொருவர். வீட்டுக்கும் பாதைக்கும் கோடி கோடியாக ஒதுக்குவார்கள் என்றார் மற்றொருவர். பெரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் இதுவே பேச்சு. பேசட்டும், தவறில்லை. நம் வயிற்றைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் வராத சம்பளத்தை வந்ததாக எண்ணிக் கடன் வாங்குவதும், தவணைக்குப் பொருள் எடுப்பதும் ஆபத்து. அந்த ஆபத்தை நாம் முன்பே பட்டறிந்திருக்கிறோம்.

2020 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், 2021 ஜனவரி முதல் 1,000 ரூபாய் என்றார்கள். ஜனவரி போனது, பெப்ரவரியும் போனது. மார்ச் மாதம் வர்த்தமானி வெளிவந்த பிறகுதான் அந்தத் தொகை சட்டமானது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தம் இல்லாமற் போனது. பல தோட்டங்களில் கிலோ கூட்டிக் கேட்டார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள்.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கு வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் மீண்டும் நீதிமன்றம் சென்றன, இடைக்காலத் தடை விழுந்தது. செப்டம்பரில் நமக்குக் கிடைத்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2025 பெப்ரவரி 17ஆம் திகதி வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையிலும் 1,700 ரூபாய் பெற்றுத்தர நடவடிக்கை எடுப்போம் என்ற வாக்குறுதி இருந்தது. ஆனால் 2025இலும் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய்தான். இருபத்தைந்து நாள் பேர் விழுந்த ஒருவருக்கு, சொன்ன தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இடையில் மாதம் 8,750 ரூபாய் வித்தியாசம்.

இதற்குக் காரணம் உண்டு. வரவு செலவுத் திட்ட உரை கம்பனிகளைக் கட்டுப்படுத்தாது. சம்பள நிர்ணய சபை தீர்மானித்து, அது வர்த்தமானியில் வந்தால்தான் கட்டுப்படுத்தும். இல்லையேல் அரசாங்கம் தன் பணத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அப்படியானால் அதற்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வரிப் பக்கத்தையும் பார்ப்போம். வருமான வரி பற்றியே அதிகம் பேசுகிறார்கள். மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கே அந்த வரி. 2025இல் நாள் தவறாமல் 25 நாள் மலையேறினாலும் நமக்கு வந்தது 33,750 ரூபாய். அதனால் நாம் வரி கட்டாதவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி, அதே ஆண்டில் 12, பிறகு 15 என ஏறி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக நிற்கிறது. வற் வரிக்குரிய சாமானை 1,180 ரூபாய்க்கு வாங்கினால் அதில் 180 ரூபாய் வரி. சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட் வாங்கும்போதும் தொலைபேசிக்கு ரீலோட் போடும்போதும் நாம் வரி கட்டுகிறோம். துரையும் அதே 18 சதவீதம்தான் கட்டுகிறார். ஆனால் அவர் சம்பளத்தில் அது சிறு துளி, நம் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு.

சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அரசாங்கம் வருமானத்தைக் கூட்டியாக வேண்டும். ஆகவே வற் வரி சட்டென்று குறையும் என்ற பேச்சை நம்பியிருக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சீனி, பருப்பு, வெங்காயம், நெத்தலி போன்றவற்றின் இறக்குமதிக்கான விசேட பண்ட வரி, வரவு செலவுத் திட்ட நாளுக்குக் காத்திராது. அமைச்சரின் ஒரு வர்த்தமானி போதும், இரவோடிரவாக மாறும். உரையில் விலை ஏறவில்லை என்று நிம்மதியடைந்தவர் அடுத்த மாதம் கடையில் திகைத்து நிற்கக்கூடும்.

ஒதுக்கீட்டுக் கதையும் இப்படித்தான். 2025ஆம் ஆண்டு மலையக வீடமைப்புக்கு 4,200 மில்லியன் ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். வரவேற்றோம். ஆனால் ஒதுக்கிய பணம் டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். எனவே அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்கும் முன், அந்த ஆண்டுப் பணத்தில் நமது டிவிசனில் எத்தனை அத்திவாரம் விழுந்தது என்று கேட்க வேண்டும்.

ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தொகை அறிவிக்கப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கொடுப்பது கம்பனியா, அரசாங்கமா? எந்தத் திகதியிலிருந்து? எந்த வர்த்தமானி அல்லது எந்த ஒதுக்கீட்டின் கீழ்? அடிப்படைச் சம்பளத்தில் சேருமா, ஊக்குவிப்புக் கொடுப்பனவாக வெளியே நிற்குமா?

நான்காவது கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அடிப்படைச் சம்பளத்தில் 350 ரூபாய் கூடினால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமுமாக நிர்வாகம் நாளொன்றுக்கு 52 ரூபாய் 50 சதம் நம் பெயரில் மேலதிகமாகக் கட்ட வேண்டும். சேவைக்காலப் பணமும் கூடும். வெறும் ஊக்குவிப்பாக நின்றால் இவை எதுவும் இல்லை. வயதான காலத்தில்தான் அந்த இழப்பு தெரியும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது இதுதான். வாக்களித்த சம்பளத்தை அடிப்படைச் சம்பளமாக, திகதியிட்டு, சட்டமாக்குங்கள். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் அரசாங்கமே முதலாளி. அங்கே முதலில் கொடுத்துக் காட்டுங்கள். ஏழையின் சட்டியில் விழும் பொருள்களின் மீதான வரியைக் குறையுங்கள்.

தோழர்களே, உரை வாசிக்கப்படும் நாளோடு வேலை முடியாது. அதன் பின் வாக்கெடுப்புகள், அமைச்சு வாரியான குழுநிலை விவாதம் என டிசம்பர் வரை பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கும். நம் வாக்கைப் பெற்றுச் சென்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கு கேள்விகளை எழுதி, தங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும். கட்சி எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பதில் சம்பளச் சீட்டில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.