'அட்மிஷன் முடிந்தது' என்ற பலகையை நம்பாதீர்கள்

ஊர்ப் பொதுமக்களுக்கும், குறிப்பாக மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் எங்கள் வேண்டுகோள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளியின் கேட்டில் ஃபிளக்ஸ் கட்டினார்கள். 2026–27 எல்.கே.ஜி. அட்மிஷன் முடிந்தது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இது பிப்ரவரி மாதம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. வழக்கமாக ஏப்ரலில்தான் அந்த இடங்களுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள். அப்படியிருக்க, எது முடிந்தது? நாங்கள் நாலு பேர் போய்க் கேட்டோம். "ஆர்.டி.இ. எல்லாம் கவர்மென்ட் சொல்லட்டும் சார். போன வருஷம் மாதிரி பாத்துக்கலாம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தும் நாம் சும்மா இருந்தோம்.

2025 ஏப்ரலில் திறக்க வேண்டிய விண்ணப்ப இணையதளம் திறக்கவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்திவைத்தது. அதில் 25 சதவீத இடங்களுக்கான பங்கும் மாட்டிக்கொண்டது. பணம் வராமல் சேர்க்கை நடத்த முடியாது என்று மாநில அரசு கையை விரித்தது. அந்த நிதியை ஒப்பந்தத்தோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்றும், பணம் வரவில்லை என்று சொல்லி மாநில அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் ஜூன் மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்து, காலாண்டுத் தேர்வும் முடிந்து, அக்டோபரில்தான் சேர்க்கை அறிவிப்பு வந்தது. அதுவும் எப்படி? ஏற்கெனவே பணம் கட்டிச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பது, கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. ஜூனில் பணம் புரட்ட முடிந்தவருக்கு இலவசக் கல்வி, புரட்ட முடியாதவருக்கு ஒன்றுமில்லை. ஏழைக்காகப் போட்ட சட்டத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு என்ன வேண்டும்?

மேட்டுத் தெருவில் பூக்கட்டும் ஒரு தாயின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் வேண்டாம். மே மாதம் முழுக்க வருமானச் சான்று, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு இ-சேவை மையத்துக்கு நடந்தார். "இன்னும் சைட் ஓப்பன் ஆகலைம்மா" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாதென்று குழுவில் 18,000 ரூபாய் கடன் வாங்கி முதல் தவணையைக் கட்டி, யூனிஃபார்மும் வாங்கினார். இரண்டாம் தவணைக்கு வழியில்லை. ஆகஸ்டில் பிள்ளையை நிறுத்திவிட்டார். அக்டோபரில் அறிவிப்பு வந்தபோது பள்ளி வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண் பிள்ளையின் பெயர் இல்லை. இன்றைக்கும் அந்தக் குழந்தை அங்கன்வாடிக்கு அந்தப் பள்ளியின் நீலக் கட்டம்போட்ட யூனிஃபார்மில்தான் போகிறது. வாங்கிய துணியைக் கிழியும்வரை போட்டுத்தானே ஆகவேண்டும்? குழுக் கடன் வாரம் தவறாமல் கழிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வார்டுகளில் மட்டும் இப்படி ஏழு குடும்பங்களை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்தோம். மாநிலம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. 2024-இல் எண்பதாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு 1.7 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஒரு இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். நாற்பது பேர் படிக்கும் ஒரு எல்.கே.ஜி. வகுப்பில் பத்து இடம். இந்தப் பத்து இடம் 2009-இல் நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. பள்ளி முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சை இல்லை இது.

அரசுப் பள்ளியைப் பலப்படுத்தாமல் தனியாருக்கு ஏன் அரசுப் பணம் என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எங்களில் பாதிப்பேர் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நாலு வயதுப் பிள்ளை காத்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு நம்மவர்களைத் தப்பவிட எங்களுக்கு மனமில்லை. இரண்டு லட்சத்துக்குக் கீழ் ஆண்டு வருமானம் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு காரில் வந்து பிள்ளையை இறக்கிவிடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்ற விதிக்காகப் பொய் வாடகை ஒப்பந்தம் எழுதியவர்களும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோவிலிலும் தினம் பார்க்கிற முகங்கள்தான். நீங்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பூக்காரம்மாவின் பிள்ளையுடைய இடம். இந்த ஆண்டும் அதையே செய்தால், சான்று கொடுத்த அலுவலகத்துக்கே நகலோடு புகார் போகும். கோபித்துக்கொள்ளாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. தகுதியுள்ள பெற்றோர் சான்றுகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு வருமான வரம்பு கிடையாது, சாதிச் சான்று போதும். ஆதரவற்ற பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் இதே பிரிவில்தான் வருகிறார்கள், இது பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்காக ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். எந்தப் பள்ளியில் எத்தனை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடக்கும்; தங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்ட பெற்றோரும் அந்த நாளில் வந்து நில்லுங்கள். பார்க்க ஆள் இருந்தால்தான் சீட்டு ஒழுங்காக எடுக்கப்படும். எண்பது பேர் விண்ணப்பித்த இடத்தில் ஐந்து பெற்றோர் மட்டும் நின்ற குலுக்கலை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஒன்றிய அரசும் மாநில அரசும் தங்கள் சண்டையை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் பிள்ளைகளை நடுவில் நிறுத்த வேண்டாம். ஏப்ரல் மாதம் முடிவதற்குள் சேர்க்கை அறிவிப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால் மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் நாளில், அந்த ஏழு குடும்பங்களும் பிள்ளைகளோடு கலெக்டர் அலுவலகத்துக்கு வருவார்கள். நீலக் கட்டம்போட்ட யூனிஃபார்மில் ஒரு குழந்தை முன்னால் நிற்கும். அன்றைக்கு நீங்களும் வர வேண்டும். போன வருஷம் போல யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.