இருட்டில் போகிற சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி. பெங்களூரில் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டி, பெல்லாரி சாலையின் ஓரத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் இன்னும் முதல் பாலையே காய்ச்சி இறக்கவில்லை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் வந்து சுவரில் சாய்ந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல், கடைக்காரரின் ஸ்கூட்டரைவிட விலை அதிகமானவை. வந்தவர்களில் ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி அதிகாரி, ஒரு கல்லூரி ஆசிரியை. மற்றவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள். நந்தி மலை வரை போய்த் திரும்புவது திட்டம். போக வர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

"எவ்வளவு காத்து வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பிக்கிறது பேச்சு.

வேறு நாலு பேர் கூடினால் மழையில் தொடங்குவார்கள், அல்லது அரசியலில். இவர்கள் டயரில் தொடங்குகிறார்கள். மெல்லிய டயரில் நூறு பவுண்டுக்கு மேல் கல் மாதிரி காற்றடித்தால்தான் வேகம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இப்போது 28 மில்லிமீட்டர் டயரும் கொஞ்சம் குறைவான காற்றும்தான் நல்லது என்பது கட்சி. வங்கி அதிகாரி பழைய கட்சியை விட்டு நகர மறுக்கிறார். "உங்க முதுகு சொல்லும் சார், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்கிறார் ஒரு இளைஞர். சிரிப்பு.

டயர் முடிந்ததும் சீட். யாருக்கு எந்த சீட் ஒத்துக்கொண்டது, யார் மூன்று வாங்கி மூன்றையும் விற்றார் என்ற வரலாறு. அப்புறம் நாய்கள். துரத்தும் நாயிடமிருந்து வேகமாக மிதித்துத் தப்பலாமா, அல்லது இறங்கி நின்று சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டால் அதுவே அலுத்துப் போய்விடுமா என்பது ஒவ்வொரு வாரமும் முடிவு காணாமல் நிற்கும் விவாதம். எதிர்க்காற்று, முழங்கால் வலி, செயின் ஆயில், தேவனஹள்ளிப் பக்கம் எந்தக் கடையில் இட்லி சூடாக இருக்கும் என்று பேச்சு நீள்கிறது. "ஆறு வாரமா ஞாயித்துக்கிழமை வீட்ல இல்லை. அடுத்த வாரமும் வந்தா மாமியார் என் சைக்கிளை வித்துடுவாங்க" என்கிறார் ஆசிரியை.

இவர்களில் நாலைந்து பேர் 'பிரவே' ஓட்டுகிறவர்கள். பிரான்சிலிருந்து வந்த பழக்கம் இது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறித்த இடங்களில் அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பஞ்சர் ஆனால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும், கூட ஒரு கார் வந்து உதவக் கூடாது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதம் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் எல்லோரும் ஒன்று. நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில் முடித்தவர், நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தைக் கனவு காணத் தொடங்குவார். 1891-இல் பந்தயமாக ஆரம்பித்த இந்த 1,200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இப்போது உச்ச வரம்பு 90 மணி நேரம். 2023 ஆகஸ்ட்டில் நடந்தபோது இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போயிருந்தார்கள்.

இந்தப் பேச்சு வட்டத்தில் ஒரு விஷயம் மட்டும் அநேகமாக வருவதில்லை. அது விபத்து. யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் பேச்சு உடனே விளக்குக்குத் தாவிவிடும். எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரியும், பின்விளக்கு விட்டுவிட்டு எரிவது நல்லதா, ஒரே சீராக எரிவது நல்லதா என்று. பிரவே விதிகளில் முன்னும் பின்னும் விளக்கும், இரவில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சட்டையும் கட்டாயம். இந்த டீக்கடைக் கூட்டம் பகலிலும் பின்விளக்கை அணைப்பதில்லை. பின்னால் வரும் லாரி டிரைவரின் கண்ணில் பட வேண்டும். பயத்தைப் பற்றி நேராகப் பேசாமல் பேசுவதற்கு விளக்கு ஒரு வழி.

விளக்குப் பேச்சுக்கு நடுவில் ஒரு டிசம்பர் மாத விடியலின் நினைவும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. சர்வீஸ் ரோட்டில் எட்டுப் பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி விளக்குகள். முன்னால் போன இளைஞர் ஏதோ ஜோக்குக்குப் பதில் சொல்லத் தலையைத் திருப்பினார். மறுபடி பார்த்தபோது இரண்டு மூன்று அடி தூரத்தில் ஒரு கறுப்பு சைக்கிள். கருநீலச் சீருடை. விளக்கு கிடையாது, மட்கார்டில் பிரதிபலிப்பான் என்று எதுவும் மிச்சமில்லை. பிரேக் பிடித்தும் கைப்பிடி உரசிவிட்டது. கறுப்பு சைக்கிள் ஓரமாகச் சாய்ந்தது. கேரியரில் இருந்த டிபன் டப்பா உருண்டு, சோறும் பருப்பும் மண்ணில் கொட்டின.

"ஸாரி சார்" என்று முதலில் சொன்னவர் விழுந்தவர்தான்.

ஒடிசாக்காரர். நாற்பது வயதிருக்கும். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வேலை. தங்கியிருக்கும் அறையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். மழைக்காலமோ பனிக்காலமோ, போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. தினம் பதினெட்டு, வாரத்துக்கு ஆறு நாள். மனக்கணக்கில் பெருக்கிப் பார்த்த வங்கி அதிகாரி கொஞ்சம் நேரம் பேசவில்லை. நூற்றெட்டுக் கிலோமீட்டர். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் அவ்வளவு ஓட்டுவதில்லை.

பல் டாக்டர் தன் பையிலிருந்த உபரிப் பின்விளக்கை எடுத்து அவருடைய கேரியரில் ரப்பர் பட்டையால் கட்டிவிட்டார். "எவ்வளவு சார்?" என்று இந்தியில் கேட்டார் காவலாளி. "பணம் வேண்டாம் பாய்ஸாப், வெச்சுக்குங்க" என்று பதில். சாப்பாட்டுக்கென்று ஆசிரியை ஒரு நோட்டை நீட்டினார். ரொம்பத் தயங்கி வாங்கிக்கொண்டார்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி மூன்று வாரம் நீடித்தது. நாலாவது வாரம் அதே சாலையில் அதே கறுப்பு சைக்கிள் எதிர்ப்பட்டது, விளக்கில்லாமல். விளக்கு எங்கே என்று கேட்டார்கள். காவலாளி சங்கடத்தோடு சிரித்தார். விளக்கு பத்திரமாக இருக்கிறதாம், அறையில், பெட்டிக்குள். சைக்கிளோடு விட்டால் ஸ்டாண்டில் யாராவது கழற்றிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்கு இரண்டு நாளுக்கொரு முறை சார்ஜ் வேண்டும். அறையில் ஆறு பேர், இரண்டு பிளக். அது போன்களுக்கே போதவில்லை. "நல்ல சாமான் சார். வீணாக்கக் கூடாது" என்றார்.

அன்று நந்தி மலை ஏற்றத்தில் டாக்டர் யாரோடும் பேசவில்லை. ஏற்றத்தில் பேச முடியாதது உண்மைதான் என்றாலும், காரணம் மூச்சு வாங்கியது மட்டுமில்லை. அவர் கோலார் தங்கவயல் தமிழர். 2001-இல் மூடப்படும் வரை அப்பா அங்கே சுரங்கத் தொழிலாளி. ராத்திரி ஷிப்டுக்கு சைக்கிளில்தான் போவார். பின் சக்கரத்தில் உரசும் டைனமோவின் முனகல் தெருமுனை வரை கேட்கும். அந்தக் காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்துவார், அபராதம் கேட்பார், அல்லது டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு நடந்து போகச் சொல்வார். அது தொல்லை என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். ஆனால் சைக்கிளில் போகிறவனும் சாலையில் போகிறவன், அவனும் தெரிய வேண்டும் என்று நினைக்க அன்றைக்கு ஒரு ஆள் இருந்தான். இன்றைக்கு அந்த கறுப்பு சைக்கிளை யாரும் நிறுத்துவதில்லை. டைனமோவும் போய்விட்டது, கேட்க ஆளும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் பையில் ஒரு சுருள் இருந்தது. லாரிகளின் பின்புறம் ஒட்டியிருக்குமே, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று எரிவது போலத் தெரியும் சிவப்புப் பட்டை, அது. அதற்கு சார்ஜ் வேண்டாம், பேட்டரி வேண்டாம். மட்கார்டில் ஒட்டிவிட்டால் உரித்து எடுத்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும் என்பதால் திருடுவாரும் இல்லை. அதில் நடக்கும் வேலை எளிமையானது. எந்த விளக்கின் ஒளி படுகிறதோ அந்த விளக்கின் பக்கமே அதைத் திருப்பி அனுப்புகிறது. கருநீலச் சட்டைக்காரர், தாழ்த்திய முகப்பு விளக்கில், சுமார் ஐம்பது மீட்டர் நெருங்கினால்தான் டிரைவருக்குத் தெரிவார். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஆக டிரைவருக்குக் கிடைப்பது மூன்று விநாடி. பட்டை இருந்தால் நூற்றைம்பது மீட்டருக்கு முன்பே சிவப்பாக ஏதோ தெரிந்துவிடும். மூன்று விநாடி ஒன்பதாகும்.

காவலாளியின் சைக்கிளில் பின் மட்கார்டில் ஒன்று, இரண்டு பெடல்களின் ஓரத்திலும் ஒவ்வொன்று. பெடலில் ஒட்டச் சொன்னவர் ஆசிரியை. மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்தால் போகிறது மனிதன் என்று கண் உடனே கண்டுகொள்ளும் என்பது அவர் வாதம். அதன் பிறகு டீக்கடைப் பக்கம் வரும் பால்காரர், பேப்பர் போடும் பையன், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக நிறுத்தப்பட்டார்கள். முதலில் அவர்கள் பயந்தார்கள். நகராட்சி ஆளோ, ஏதாவது வரியோ என்று ஒருவர் கேட்டார். இப்போது அவர்களே சைக்கிளைத் திருப்பி நிறுத்துகிறார்கள். இதுவரை எத்தனை சைக்கிளுக்கு ஒட்டினார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மிதித்த ஒவ்வொரு மீட்டரையும் செல்போனில் பதிந்து வைத்திருக்கும் கூட்டத்துக்கு இது அபூர்வம்.

இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர் என்றால் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நந்தி மலை ஏறுபவை அல்ல, வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவை. ஆனால் சாலையைத் திட்டமிடுகிறவர்களுக்கு அவை இடைஞ்சலாகத்தான் தெரிகின்றன. கல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரர்களும் மீன்காரர்களும் கூரியர் பையன்களும் அபராதம் கட்டினார்கள். எதிர்ப்புக்குப் பிறகுதான் அந்த எண்ணிக்கை குறைந்தது. சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் சைக்கிள்காரர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. அவர்கள் எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் போனவர்கள் என்று யாரும் டீக்கடையில் விவாதிப்பதில்லை.

2020 மே மாதம், ஊரடங்கில், குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு ஒரு பதினைந்து வயதுப் பெண் காயம்பட்ட அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளில் போனாள். தூரம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸின் அதே தூரம். நாடு கொஞ்ச நாள் அவளைப் பார்த்தது, பாராட்டியது. சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்கு அழைத்தது. அவளைப் போலவே அந்தக் கோடையில் சைக்கிளில் ஊர் போன மற்றவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பது அவர்கள் வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

டீ வந்துவிட்டது. பை-டூ கிளாஸ்கள் கை மாறுகின்றன. வங்கி அதிகாரி மறுபடி நூறு பவுண்டுக் கட்சியைத் தூக்கிப் பிடிக்கிறார். நாய் விவாதம் இன்னும் பாக்கி. அப்போது சாலையில் ஒரு லாரி வருகிறது. அதன் வெளிச்சத்தில், தூரத்தில், இரண்டு சிவப்புப் புள்ளிகள் மேலும் கீழுமாக அசைகின்றன, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. லாரி வேகம் குறைத்து, நன்றாக ஒதுங்கித் தாண்டிப் போகிறது. பேச்சு ஒரு நிமிஷம் நிற்கிறது.

"நம்ம ஆளு" என்கிறார் டாக்டர்.

"மணி அஞ்சரை ஆச்சு, கிளம்புங்க. வெயில் ஏறினா மலையில தெரியும்" என்கிறார் ஆசிரியை. ஒவ்வொருவராகப் பின்விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிறார்கள்.