திறந்து பார்க்காத பேக் அப், பேக் அப் அல்ல

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் பேக் அப் எடுத்து வைத்துவிடுங்கள்." நல்ல அறிவுரைதான். ஆனால் இது பாதி அறிவுரை என்பது என் கருத்து. மீதிப் பாதியை, என் தங்கையின் திருமண வீடியோவைப் பறிகொடுத்த பிறகுதான் நான் கற்றுக் கொண்டேன்.

என் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. எனவே ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, விண்டோஸை மீண்டும் பதிய முடிவு செய்தேன். போட்டோ, வீடியோ போல்டர்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி ஆகும்படி விட்டுவிட்டுத் தூங்கச் சென்றேன். காலையில் திரையில் ஒரு செய்தி. பைல் மிகப் பெரியது என்று ஏதோ சொன்னது. டிஸ்க்கில் 600 ஜிபி இடம் காலியாக இருந்ததால், அதை முழுதாகப் படிக்காமலே "ஸ்கிப்" பட்டனை அழுத்தினேன். மற்ற பைல்கள் காப்பி ஆயின. அன்றே பார்மட்டும் செய்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து தங்கை வீடியோவைக் கேட்டாள். போல்டர் இருந்தது, 7 ஜிபி அளவுள்ள அந்த வீடியோ மட்டும் இல்லை. அழிந்த பைலை மீட்கும் சாப்ட்வேர் அதன் பெயரைக் காட்டியது, பைல் திறக்கவில்லை. வீடியோ எடுத்தவரிடமும் பிரதி இல்லை.

தவறு டிஸ்க்கில் இல்லை. டிவியில் படம் பார்ப்பதற்காக அதை எப்.ஏ.டி.32 முறையில் பார்மட் செய்திருந்தேன். 1996ல் விண்டோஸ் 95 காலத்தில் வந்த முறை இது. பைலின் அளவைக் குறித்து வைக்க இதில் 32 பிட் இடம்தான் உண்டு. அதனால் சுமார் 429 கோடி பைட், அதாவது 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்த ஒரு பைலையும் இது ஏற்காது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இதே கதைதான்.

உங்கள் டிஸ்க் எந்த முறையில் உள்ளது என அறிய, அதன் டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து, "ப்ராப்பர்ட்டீஸ்" தேர்ந்தெடுக்கவும். "பைல் சிஸ்டம்" என்ற வரியில் எப்.ஏ.டி.32 என இருந்தால், என்.டி.எப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு பார்மட் செய்து கொள்ளலாம். பார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறிடத்தில் வைத்துக் கொள்ளவும்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளாதா?" என நீங்கள் கேட்கலாம். பார்த்தது, எனக்குச் சொல்லவும் செய்தது. படிக்காதது நான்தான். எனவே பேக் அப் முடிந்த பின் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, இரு பக்கத்து போல்டர்களிலும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, பைல்களின் எண்ணிக்கையும் "சைஸ்" வரியும் ஒன்றாக உள்ளனவா எனப் பார்க்கவும். "சைஸ் ஆன் டிஸ்க்" என்ற வரி மாறுபடலாம். அதற்காகக் கவலை வேண்டாம். இரண்டு, மிகப் பெரிய பைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்தே திறந்து ஓட்டிப் பார்க்கவும். மூன்று, முடிந்தால் ஒரு வாரம் கழித்தே பழையதை அழிக்கவும்.

இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நான் மிச்சம் பிடித்தேன். இன்றும் திருமண நாள் வந்தால், தங்கை ஆல்பத்தை மட்டும்தான் புரட்டுகிறாள்.